அம்புக்குறி காட்டாத விளையாட்டுகள்

ஒரு கேம் நன்றாக இருக்கிறதா என்று யாராவது கேட்டால் நான் முதலில் யோசிப்பது ஒன்றைத்தான். அது என்னை யோசிக்க விட்டதா? பெரிய பட்ஜெட்டில் வரும் பல கேம்களில் திரையின் மூலையில் ஒரு குட்டி மேப் இருக்கும், அதில் ஒரு மஞ்சள் புள்ளி மினுக்கிக்கொண்டே இருக்கும். அந்தப் புள்ளிக்குப் போ, அங்கே நிற்கிறவனை அடி, பெட்டியைத் திற, அடுத்த புள்ளிக்குப் போ. ஆடி முடித்தபின் அந்த ஊரில் ஒரு தெருகூட ஞாபகத்தில் நிற்காது. ஊரை எங்கே பார்த்தோம், புள்ளியைத்தானே பார்த்தோம்.

அதனால் கடந்த சில மாதங்களாக அப்படிக் கைபிடித்து இழுத்துக்கொண்டு போகாத கேம்களாகத் தேடித் தேடி ஆடினேன். முடித்தவற்றைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். நான் ஆத்தூர் ரோட்டில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் கணக்கு பார்க்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் கோரிமேடு தாண்டி, இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி, ஏற்காட்டில் அப்பாவின் சின்ன காபித் தோட்டத்துக்குப் போய்விடுவேன். மழைக்காலத்தில் அங்கே கரண்ட் இருந்தால் நெட் இருக்காது, நெட் இருந்தால் கரண்ட் இருக்காது. லேப்டாப்பில் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, பேட்டரியும் பழசாகிப் போய் சார்ஜர் மாட்டினால்தான் ஓடும். என் அபிப்பிராயங்கள் எல்லாம் இந்தச் சூழ்நிலையில் உருவானவை. ஐம்பதாயிரம் ரூபாய் கார்டு வைத்திருப்பவருக்குக் கொஞ்சம் வேறு மாதிரி தோன்றலாம்.

இந்த வருஷம் நான் ஆடியதில் முதலிடம் 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' என்ற கேமுக்குத்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2018இல் வந்தது. லூகாஸ் போப் என்ற ஒருவர் உருவாக்கியது. எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட் சரிபார்க்கும் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' கேமை 2013இல் செய்தவரும் இவர்தான்.

கதை 1807இல் நடக்கிறது. ஐந்து வருஷத்துக்கு முன் லண்டனிலிருந்து கிளம்பிக் காணாமல் போன ஒரு சரக்குக் கப்பல், ஆளே இல்லாமல் இங்கிலாந்தின் ஃபால்மவுத் துறைமுகத்தில் வந்து ஒதுங்குகிறது. நாம் கிழக்கிந்தியக் கம்பெனியின் இன்சூரன்ஸ் அதிகாரி. கப்பலில் இருந்த 60 பேரும் யார் யார், ஒவ்வொருவருக்கும் என்ன ஆனது, கொன்றது யார், எதனால் கொன்றார்கள் என்று பதிவேட்டில் எழுதித் தர வேண்டும். கையில் ஒரு பாக்கெட் கடிகாரம். எலும்புக்கூட்டின் பக்கத்தில் அதைத் திறந்தால் அந்த ஆள் செத்த நொடிக்கு முந்தைய பேச்சு காதில் கேட்கும். பிறகு செத்த அந்த ஒரு நொடி மட்டும் சிலை போல உறைந்து நிற்கும். அதற்குள் நாம் சுற்றி நடந்து பார்க்கலாம். அவ்வளவுதான். சண்டை கிடையாது, ஓட்டம் கிடையாது, நேரக் கெடு கிடையாது.

நமக்குக் கொடுப்பது ஒரு பெயர்ப் பட்டியல், கப்பலின் தள வரைபடம், கப்பலில் இருந்த ஓவியர் எல்லோரையும் வரைந்த சித்திரங்கள். எந்தப் பெயர் எந்த முகம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். என் தொழிலே கணக்கு பார்ப்பது என்பதால் இந்தக் கேமின் ருசி எனக்கு உடனே பிடிபட்டது. ஒரு பக்கம் அறுபது பெயர், இன்னொரு பக்கம் அறுபது முகம், இரண்டும் பைசா பிசகாமல் நேராக வேண்டும். மார்ச் மாதம் ஐந்தொகை டேலி ஆகாமல் ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு வவுச்சராகப் புரட்டிக்கொண்டிருக்கும்போது, ஒரு சின்னத் துண்டுச் சீட்டில் விடை கிடைக்கும் பாருங்கள், அந்தச் சந்தோஷம் இந்தக் கேமில் திரும்பத் திரும்பக் கிடைக்கிறது.

ஒரு இடத்தை மட்டும் சொல்கிறேன், கதை கெடாது. மாலுமிகள் தூங்கும் தளத்தில் வரிசையாகத் தூளி மாதிரி படுக்கைகள் தொங்குகின்றன. முதல் முறை பார்த்தபோது இருட்டில் தொங்கும் துணிகள் என்றுதான் கடந்துபோனேன். வெகு நேரம் கழித்து வேறு எதற்கோ அந்த நொடிக்குத் திரும்பி வந்தபோதுதான் ஒவ்வொரு படுக்கையிலும் ஒரு எண் இருப்பது கண்ணில் பட்டது. பெயர்ப் பட்டியலிலும் ஒவ்வொருவருக்கும் எண் உண்டு! போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கால், அந்தக் காலில் இருக்கும் காலுறை, இன்னொரு காட்சியில் பாய்மரக் கம்பத்தில் ஏறும் ஒருவனின் கால். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறோம். கேம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. 'சபாஷ்' கூடக் கிடையாது. மூன்று பேரின் விதியைச் சரியாக எழுதினால்தான் அந்த மூன்றையும் அச்சில் ஏற்றி உறுதி செய்யும். அந்த நேரத்தில் வரும் இசைக்காகவே இன்னும் மூன்று பேரைத் தேடத் தோன்றும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு தனிச் சிரமம் இருக்கிறது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். கப்பலில் ஸ்காட்லாந்துக்காரர், அயர்லாந்துக்காரர், வேல்ஸ்காரர், டென்மார்க்காரர், ரஷ்யாக்காரர், சீனர், இந்தியர் என்று பல நாட்டவர் இருக்கிறார்கள். சிலரைப் பேச்சின் இழுவையை வைத்துத்தான் முதலில் பிரித்தறிய வேண்டியிருக்கும். யாராவது ரெண்டு வரி பேசினால் அவர் கோயம்புத்தூரா மதுரையா திருநெல்வேலியா என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவோம். ஆனால் ஐரிஷ் உச்சரிப்புக்கும் வெல்ஷ் உச்சரிப்புக்கும் உள்ள வித்தியாசம் நம் காதுக்குப் பழகியதா என்ன? அதனால் இங்கிலாந்தில் வளர்ந்த ஒருவர் காதாலேயே சுலபமாகத் தாண்டிப் போகும் இடங்களை நாம் கண்ணால், உடையால், யார் யாரோடு எப்போதும் சேர்ந்து நிற்கிறார்கள் என்பதால் சுற்றி வளைத்துப் பிடிக்க வேண்டும். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். அனேகமாக எல்லோருக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட தடயம் இருக்கிறது. அந்தக் கஷ்டமான வழியில் போனதால்தான் கப்பலின் ஒவ்வொரு மூலையும் எனக்கு இவ்வளவு பழக்கமாயிற்று என்று நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. ஒரு பழைய நொடியை மறுபடி பார்க்க வேண்டுமென்றால் பதிவேட்டிலிருந்தே குதித்துப் போக முடியாது. கப்பலில் அந்தச் சடலம் கிடந்த இடத்துக்கே நடந்து போய் மறுபடி கடிகாரத்தைத் திறக்க வேண்டும். முடிவு நெருங்கும் நேரத்தில் இது நிஜமாகவே அலுப்பைத் தருகிறது. அப்புறம், மூன்று மூன்றாக உறுதி செய்வதால் இரண்டு பேர் நிச்சயமாகத் தெரிந்தால் மூன்றாவது ஆளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து அடித்துவிடலாம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இந்தக் கேமை ஒரு முறைதான் ஆட முடியும். விடை தெரிந்த பின் மறுபடி ஆடுவதில் ஒன்றுமில்லை.

படம் முழுக்க இரண்டே நிறம். புள்ளி புள்ளியாக வரைந்த பழைய மேக்கின்டாஷ் திரை மாதிரி இருக்கும். முதல் அரை மணி நேரம் கண் கூசியது. அமைப்புகளில் போய் வேறு பழைய மானிட்டர்களின் நிறத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், நான் பச்சை நிறத்துக்கு மாற்றிய பிறகு தலைவலி நின்றது. சாதாரண லேப்டாப்பில் தாராளமாக ஓடும்.

அடுத்தது 'வெண்பா'. தமிழ் கேமர்கள் இதைப் பற்றிக் கேள்விப்படாமல் இருந்திருக்க முடியாது. கனடாவின் டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பரிசையும் வாங்கியது. 1988இல் கனடாவுக்குக் குடிபோன வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின். அம்மா கொடுத்துவிட்ட சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் எழுத்து அழிந்தும் போயிருக்கிறது. விட்டுப்போன படிகளை ஊகித்துச் சமைக்க வேண்டும். அதுதான் ஆட்டம்.

இதை நான் ஏற்காட்டு வீட்டு அடுக்களையில் உட்கார்ந்துதான் ஆடினேன். அங்கேதான் பிளக் பாயின்ட் ஒழுங்காக இருக்கிறது. அம்மா அடுப்பு வேலையைப் பார்த்துக்கொண்டே பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். முதல் சமையலே இட்லி. தட்டுகளை எப்படி அடுக்குவது என்று குறிப்பில் அழிந்திருக்கிறது. நான் மவுஸைப் பிடித்து ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கப் போனதும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏங் கண்ணு, குழிக்கு நேரா குழி வெச்சா மேல் தட்டு மாவுல ஒட்டிக்காதா? தட்ட மாத்தி வை."

மாற்றி வைத்தேன். இட்லி வெந்தது. புட்டுக் குழலுக்கும் அப்படித்தான். முதலில் ஓட்டைத் தகடு, பிறகு தேங்காய், மாவு என்று அம்மா சொல்லச் சொல்ல நான் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ரேடியோவில் பாட்டு ஓடுகிறது. அத்தனையும் இந்தக் கேமுக்காகப் புதிதாகப் போட்ட பாட்டுகள்தான், ஆனால் வெவ்வேறு காலத்துத் தமிழ் சினிமா இசையின் சாயலில் போட்டிருக்கிறார்கள். "இது எந்தப் படத்துப் பாட்டு, கேட்ட மாதிரி இருக்கே" என்று அம்மா இரண்டு முறை கேட்டார். அந்த ஒரு கேள்வியே இசையமைத்தவருக்குப் பெரிய பாராட்டு.

சரி, இப்போது நேர்மையாகச் சொல்ல வேண்டியது. தமிழ் வீட்டில் வளர்ந்தவருக்கு வெண்பாவின் புதிர்கள் புதிரே இல்லை. வெளிநாட்டு விமர்சகர்கள் "யோசிக்க வைத்தது" என்று எழுதிய இடத்தை நாம் பாதி யோசனையில் தாண்டிவிடுவோம். மொத்தக் கேமும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. சமையல்களை இன்னும் கொஞ்சம் கஷ்டமாக்கியிருக்கலாம், பாவலனுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம். அவர் நல்ல மனுஷன் என்பது மட்டும் தெரிகிறது, அவருக்குள் என்ன ஓடுகிறது என்பது தெரிவதில்லை. கவின் வளர்ந்தபின் வரும் பெற்றோர்-பிள்ளை மௌனங்களில் இரண்டு மூன்று காட்சிகள் இன்னும் நீண்டிருந்தால் எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும்.

ஆனால் பின்பாதியில் ஆட்டம் கவின் கைக்கு மாறுகிறது. நமக்குச் சரளமாக வரும் அதே குறிப்பு நோட்டைப் படிக்கத் தெரியாதவனின் இடத்தில் நம்மை உட்கார வைக்கிறார்கள். அதுவரை சுலபமாகச் சமைத்துக்கொண்டிருந்த கை அங்கே தயங்குகிறது. கேம் என்ற வடிவத்தால் மட்டுமே இதைச் செய்ய முடியும். திரையில் ஒருவன் தடுமாறுவதைப் பார்ப்பது ஒன்று, நாமே மவுஸைப் பிடித்துக்கொண்டு அந்தத் தடுமாற்றத்துக்குள் நிற்பது இன்னொன்று. என் சித்தி பையன் ஒருவன் துபாயில் பிறந்து வளர்ந்தவன், தமிழ் பேசுவான், படிக்க வராது. அந்தப் பகுதியை ஆடும்போது எனக்கு அவன் ஞாபகம் வந்தது. அடுத்த லீவுக்கு வந்தால் அவனை ஆட வைத்துப் பார்க்க வேண்டும், அவனுக்கு எந்த இடம் கஷ்டம், எந்த இடம் சுலபம் என்று தெரிந்துகொள்ள எனக்கு நிஜமான ஆசை.

வாங்கலாமா? ஆஃபரில் வரும்போது யோசிக்காமல் வாங்குங்கள். முழு விலைக்கு என்றால், வீட்டில் அம்மாவையோ பாட்டியையோ பக்கத்தில் உட்காரவைத்து ஆடுவதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். தனியாக ஆடினால் பாதிதான் கிடைக்கும்.

ஐ.ஜி.எஃப். என்று சின்னக் குழுக்கள் செய்யும் கேம்களுக்காக வருஷா வருஷம் நடக்கும் விழா ஒன்று உண்டு. அதன் பெரிய பரிசு 2019இல் ஓப்ரா டின்னுக்கும் 2024இல் வெண்பாவுக்கும் போனது. இடையில் 2020இல் அதை வாங்கியது 'எ ஷார்ட் ஹைக்'. அந்த விவரம் தெரிந்துதான் அதையும் இறக்கினேன்.

கனடாக்காரரான ஆடம் ராபின்சன்-யூ செய்தது, 2019இல் வந்தது. கிளேர் என்ற பறவை, அத்தை வேலை பார்க்கும் மலைப் பூங்காவுக்கு வந்திருக்கிறாள். ஒரு முக்கியமான போன் வர வேண்டும், ஆனால் கீழே சிக்னல் கிடையாது. மலை உச்சிக்குப் போனால்தான் கிடைக்கும். ஏற்காட்டில் போனைத் தூக்கிக்கொண்டு பாறை மேல் ஏறி நின்றவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

மேப் கிடையாது. வழிகாட்டிப் பலகைகள் அங்கங்கே இருக்கும், மற்றபடி கண்ணால் பார்த்து, இந்தப் பக்கம் ஏறினால் அந்தப் பாறைக்குப் போகலாம் போலிருக்கிறதே என்று நாமே முடிவு செய்துகொண்டு போக வேண்டியதுதான். தங்க இறகுகள் கிடைக்கக் கிடைக்க இன்னும் செங்குத்தாக, இன்னும் உயரமாக ஏற முடிகிறது. உச்சிக்குப் பக்கத்தில் குளிரில் அந்த இறகுகள் உறைந்துவிடும், அதனால் எண்ணி எண்ணிப் பயன்படுத்த வேண்டும். கை நழுவி விழுந்தால் ஒரு தண்டனையும் இல்லை. இறக்கையை விரித்தால் மிதந்துகொண்டே கீழே போகலாம், போகிற வழியில் இதுவரை பார்க்காத ஒரு குட்டித் தீவு கண்ணில் படும், போன் விஷயம் மறந்து அங்கே போய் இறங்கிவிடுவோம்.

மலையில் நடந்து பழகிய ஒருவர்தான் இதைச் செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் தோட்டத்திலிருந்து நாகலூர்ப் பக்கம் போகும் ஒற்றையடிப் பாதையில் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நடந்தால் ஒரு வளைவில் பள்ளத்தாக்கு மொத்தமும் திறந்துகொள்ளும். அதற்கு முந்தின அடி வரை ஒன்றும் தெரியாது. இந்தக் கேமில் அந்த மாதிரி வளைவுகள் நிறைய இருக்கின்றன, ஏறிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கேமரா பின்வாங்கி மலையின் முழு உருவத்தையும் காட்டும். உயரத்துக்கு ஏற்ப இசையும் மெல்ல மாறுகிறது. வழியில் சந்திக்கும் ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு சொந்தக் கவலை இருக்கிறது. யாரும் "இதை எடுத்து வா, பத்து காசு தருகிறேன்" என்று மட்டும் நிற்பதில்லை.

மீன் பிடிக்கும் பகுதி மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. தூண்டிலைப் போட்டு, காத்திருந்து, இழுத்து, மறுபடி போட்டு... ஒரே சலிப்பு. சிப்பி பொறுக்கும் வேலையும் கடைசியில் நீண்டுவிடுகிறது. ஆனால் இரண்டுமே கட்டாயமில்லை. போன் வருகிறதா, யாரிடமிருந்து என்று சொல்லமாட்டேன். ஒரே மூச்சில் ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம். அக்கா பையனுக்கு, ஏழாவது படிக்கிறான், இதைக் கொடுத்தேன். ஒரு சந்தேகமும் கேட்காமல் முடித்தான். "இன்னொண்ணு இது மாதிரி இருக்கா மாமா?" என்று கேட்டான். குழந்தைகளுக்கு என்ன வாங்கித் தருவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

'ஸ்டார்டியூ வேலி'க்கு முடிவு என்று ஒன்று கிடையாது. ஊரின் பழைய சமுதாயக் கூடத்தை முழுதாகச் சீரமைத்துவிட்டதால் முடித்த கணக்கில் சேர்க்கிறேன். எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நாலு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து படம், இசை, கதை, நிரல் எல்லாவற்றையும் தானே செய்து 2016இல் வெளியிட்டது. இதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதனால் காபியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இதில் காபிக் கொட்டை நட்டால் பத்தே நாளில் காய்க்கிறது. அதன்பின் இரண்டு நாளுக்கு ஒரு முறை பறிக்கலாம். வசந்தமும் கோடையும்தான் பருவம், அதற்குப் பின் செடி செத்துவிடும். ஐந்து கொட்டையைப் பீப்பாயில் போட்டால் ஒரு கப் காபி. அப்பா இதைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சேர்வராயன் மலையில் காபி வந்து இருநூறு வருஷம் ஆகிறது, சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820 வாக்கில் கொண்டுவந்தார். அன்றிலிருந்து இன்று வரை அராபிகா செடி காய்ப்புக்கு வர மூன்று நாலு வருஷம் ஆகிறது. மார்ச், ஏப்ரலில் பூ மழை நேரத்துக்குப் பெய்ய வேண்டும். பெய்யாவிட்டால் அந்த வருஷம் போச்சு. பழம் பறிக்க நவம்பர் ஆகிவிடும். மேலே நிழல் மரம் வேண்டும், அந்த மரத்தில் மிளகுக் கொடி ஏற்ற வேண்டும், தண்டு துளைக்கும் வண்டுக்குக் காவல் இருக்க வேண்டும். "நெழலே இல்லாம வெட்டவெளியில காப்பியா? யாருப்பா சொல்லிக் கொடுத்தது இவனுக்கு?" என்றார் அப்பா.

எனக்கு அந்த வேகம் குறையாகப் படவில்லை. விளையாட்டில் நாலு வருஷம் யார் காத்திருப்பார்கள்? ஆனால் நிழல் மரம் பற்றி அப்பா சொன்னது மனதில் நின்றுவிட்டது. ஒரு செடிக்குப் பக்கத்தில் என்ன நிற்கிறது என்பது ஸ்டார்டியூவில் பெரும்பாலும் பொருட்டே இல்லை. கட்டம் கட்டமாக நிலம், கட்டத்துக்கு ஒரு செடி. நடுவதற்கு முன் யோசிக்க வேண்டியது லாபக் கணக்கு ஒன்றுதான். கொஞ்ச நாளில் நான் விவசாயத்தை விட்டுவிட்டு அட்டவணை போட ஆரம்பித்துவிட்டேன். அது எனக்கு ஆலையிலேயே போதுமான அளவு இருக்கிறது. ஊர் மக்களின் கதைகள்தான் என்னைக் கடைசிவரை பிடித்து வைத்திருந்தன.

இன்னொரு முக்கியமான விஷயம்: இதில் ராத்திரி போய்ப் படுத்தால்தான் சேவ் ஆகும். நாளின் நடுவில் கரண்ட் போனால் அன்றைய உழைப்பு மொத்தமும் போயிற்று. பேட்டரி நன்றாக உள்ளவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. மின்வெட்டு உள்ள ஊரில் பழைய லேப்டாப்பில் ஆடுபவர்கள் மட்டும் மேகம் கறுக்கும்போது சீக்கிரம் போய்ப் படுத்துவிடுங்கள்.

'ராஜி' பற்றிச் சுருக்கமாக. புனேயில் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் செய்தது, 2020இல் வந்தது. அசுரர்கள் கடத்திக்கொண்டு போன தம்பியைத் தேடிப் போகும் ஒரு பெண். துர்க்கையும் விஷ்ணுவும் அவளைப் பார்த்துப் பேசிக்கொள்வதுதான் கதை சொல்லும் முறை. நடுநடுவே தோல்பாவைக் கூத்து மாதிரி காட்சிகள் வருகின்றன. கோட்டைகளும் மாடங்களும் பார்க்கப் பார்க்க அழகு. என் லேப்டாப் திணறியதால் தம்பி வீட்டுக் கம்ப்யூட்டரில் முடித்தேன். சண்டை சீக்கிரமே ஒரே மாதிரி ஆகிவிடுகிறது, கதையோ சூடு பிடிக்கும் இடத்தில் சட்டென்று நின்றுவிடுகிறது. இந்தியாவில் இப்படி ஒன்றைச் செய்ய முடியும் என்று காட்டியதற்காக அந்தக் குழுவை மதிக்கிறேன். கேமாகப் பார்த்தால் சுமார்தான்.

கடைசியாக 'ஹாலோ நைட்: சில்க்ஸாங்'. 2019இல் அறிவித்து, உலகமே காத்திருந்து, 2025 செப்டம்பர் 4 அன்று வந்தது. வந்த அன்று ஸ்டீம் உட்பட கேம் விற்கும் பல இணையக் கடைகள் கூட்டம் தாங்காமல் திணறின. ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரி, விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். 2017இல் வந்த முதல் 'ஹாலோ நைட்' எனக்கு உயிர். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன்.

ஆச்சரியமானவை முதலில். நாம் ஆட்டுவிக்கும் நாயகி ஹார்னெட்டின் அசைவு, அடேயப்பா, ஊசி மாதிரி அத்தனை கூர்மை. ஃபார்லூம் என்ற இந்த நாடு கீழிருந்து மேலாக ஏறிப் போக வேண்டியது. எங்கே போவது என்று சொல்ல ஆளில்லை. மேப்பைக்கூட விலைக்கு வாங்க வேண்டும். ஒரு சுவரைத் தட்டினால் பின்னால் ஒரு பகுதியே திறக்கிறது. ஓப்ரா டின் மூளையை நம்புவது போல இது நம் கண்ணையும் பொறுமையையும் நம்புகிறது. ஹன்டர்ஸ் மார்ச் என்ற பகுதியில் அடிபட்டு அடிபட்டு வந்து, அப்பாடா என்று பெஞ்சில் (செத்தால் மறுபடி ஆரம்பிக்கும் இடம் அதுதான்) உட்கார்ந்தால் அந்தப் பெஞ்சே ஒரு பொறி! கோபம் வருவதற்குப் பதிலாக எனக்கு வியப்பு வந்தது. நான் எந்த நொடியில் எச்சரிக்கையை விடுவேன் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

ஆனால் எல்லா இடத்திலும் அந்த யோசனை இல்லை. ஆரம்பத்திலேயே பல எதிரிகள் ஒரு அடிக்கு இரண்டு உயிர்முகமூடியை, அதாவது நம் உயிர்க் கணக்கில் இரண்டை, கழற்றுகிறார்கள். கையில் இருப்பது ஐந்து. அப்படியென்றால் மூன்றே அடி. பாஸ் எனப்படும் பெரிய எதிரியோடு நடக்கும் சண்டையில் அது சரி, பாஸின் அசைவைப் படித்துக் கற்றுக்கொள்வதுதான் ருசி. லாஸ்ட் ஜட்ஜ் என்ற பாஸ் எனக்கு மிகவும் பிடித்த சண்டை. ஆனால் அதனிடம் தோற்ற ஒவ்வொரு முறையும் பெஞ்சிலிருந்து அந்த நீண்ட வழி முழுக்க மறுபடி ஓட வேண்டும். அந்த ஓட்டத்தில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. முதல் முறை ஓடும்போது தெரிந்ததுதான் எத்தனையாவது முறை ஓடினாலும். பைல்வாட்டர் சதுப்பில் புழுக்கள் ஒட்டிக்கொண்டு காயம் ஆற்றவே விடாது, பெஞ்சோ மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே நான் யோசிக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடினம் வேறு, வீண் அலைச்சல் வேறு. முதல் கேமில் இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த கோடு தெளிவாக இருந்தது.

வெளியான கொஞ்ச நாளிலேயே ஒரு அப்டேட்டில் மூர்விங், சிஸ்டர் ஸ்ப்ளின்டர் என்ற இரண்டு ஆரம்பகால பாஸ்களைக் கொஞ்சம் தணித்தார்கள், சில பெஞ்சுகளின் கட்டணத்தையும் குறைத்தார்கள். செய்ததை மதிக்கிறேன். இருந்தாலும் அந்த ஓட்டங்களைக் குறைத்திருந்தால் இது என் பட்டியலில் ஓப்ரா டின்னுக்குப் பக்கத்தில் நின்றிருக்கும். இரண்டாவது அங்கத்தோடு வரும் முடிவைத்தான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது அங்கத்தைத் திறக்கத் தேவையான வேலைகளை இன்னும் முடிக்கவில்லை, அதனால் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

முதல் முறை ஆடுகிறவர்களுக்கு ஒன்று: இந்தக் கேமில் காசாகப் பயன்படும் ஜெபமணிகளைச் சரமாகக் கோத்து வைத்துக்கொள்ளுங்கள். கோத்த மணி செத்தாலும் போகாது, உதிரி மணிதான் போகும். அப்புறம், கன்ட்ரோலர் இல்லாமல் கீபோர்டில் இதை ஆட வேண்டாம். கீழ்நோக்கிச் சாய்வாகக் குத்தும் அந்த அடிக்கு விரல் பழக மூன்று மடங்கு நேரம் ஆகும். ஹார்னெட் அடிக்கும் விதத்தை மாற்றும் வேறு முகப்பட்டம் கிடைத்ததும் மாட்டிப் பாருங்கள், ரீப்பர் பட்டத்தில் அந்த அடி அகலமாக விழுகிறது, எனக்கு அதன்பின்தான் கை படிந்தது.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால், நெட் மெதுவாக உள்ளவர்கள் எ ஷார்ட் ஹைக்கில் ஆரம்பிக்கலாம், ஒரு ஜி.பி.கூட வராது. பொங்கல், தீபாவளி என்று மூன்று நாள் லீவு சேர்ந்து கிடைத்தால் ஓப்ரா டின். நல்ல ஹெட்ஃபோன், ஒரு நோட்டு, ஒரு பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் பக்கத்துக்கு ஒரு ஆள் என்று ஒதுக்காதீர்கள், நான் செய்தது போலத் தளத்துக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கினால்தான் யார் யாரோடு நின்றார்கள் என்பது ஒரே பார்வையில் தெரியும். யூடியூபில் அந்தப் பெயரைத் தேடவே தேடாதீர்கள், வீடியோவின் முகப்புப் படத்திலேயே விடையைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.